சிறு கலை அறக்கட்டளைக்கு யார் படியளப்பார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்து நண்பர்கள் சேர்ந்து அறக்கட்டளை பதிவுசெய்து 2 ஆண்டு ஆகிறது. மாலையில் 40 பிள்ளைகளுக்கு ஒயிலாட்டமும் சிலம்பமும் சொல்லித்தருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடிப் பனையோலையில் கொட்டான் என்ற கூடை முடைகிறார்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைச் சீர்செய்து நூலகமும் சிறு அரங்கும் அமைக்க ஆசை. இதுவரை எல்லாம் கைக்காசு. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். இன்னொருவர் “20 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் எனக்கு” என்கிறார். நிதி தரும் அமைப்புகளின் பட்டியல் வேண்டும் என்று முடித்திருக்கிறீர்கள்.

பட்டியல் கேட்டிருந்தாலும், கேள்விக்கு நடுவில் நீங்களே எழுதிய ஒரு கணக்குதான் என் கண்ணில் பட்டது. வாத்தியாருக்கு மாதம் 8,000, கொட்டகை வாடகை 3,000, மேளத்துக்குத் தோல் மாற்றுவது, கம்பு, பிள்ளைகளுக்குச் சுண்டல் எல்லாம் சேர்த்து 2,000. ஆக மாதம் 13,000 ரூபாய். அதை யார் தருவார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. இதற்கும் “20 லட்சம் யார் தருவார்கள்” என்பதற்கும் பதில் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பட்டியலில் உள்ள இருபது இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ஒன்றுக்கும் பதில் வராமல் சோர்ந்து வகுப்பையே நிறுத்திய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனவன். அப்படியே நாடகக் குழு, வாசகசாலை, கைவினைச் சங்கம் என்று சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பமும் வரவு செலவும் எழுதி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியதில் பாதிக்கு மேல் நிராகரிக்கப்பட்டது. வரி, பதிவு, விண்ணப்பம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சொத்துப் பத்திரம், பாகப்பிரிவினை என் துறை இல்லை. அங்கே வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். பெரிய பணம் உள்ள கதவுகள் மூன்றிலும் “3 ஆண்டு” என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவழிக்கும் வெளி அமைப்புக்கு, அதே மாதிரி வேலையில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் நிகழ்ச்சி மானியங்களுக்குப் பதிவாகி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டுமென்றால் 3 ஆண்டு இருந்தால் மட்டும் போதாது, அந்த 3 நிதியாண்டுகளில் உங்கள் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்தும் காட்ட வேண்டும். உங்களுக்கு வயது 2. ஆகவே இந்த ஆண்டு யாராவது இந்த மூன்று கதவுகளில் ஒன்றைத் திறந்துவிடுகிறேன் என்றால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரியும்.

இதில் ஒரே ஓர் இடம் சந்தேகத்துக்குரியது. சி.எஸ்.ஆர். விதி பேசுவது வேலை அனுபவத்தைப் பற்றி. பதிவுக்கு முன்னாலேயே நீங்கள் வகுப்பு நடத்தியிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்களா என்றால், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பெரும்பாலான கம்பெனிகள் அறக்கட்டளைப் பத்திரத்தின் தேதியைத்தான் பார்க்கின்றன. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, மூன்றாம் ஆண்டு முடிகிற வரை என்ன செய்வது? காகிதம் சேர்ப்பது. கேட்க வறட்சியாக இருக்கும், ஆனால் இதுதான் உங்கள் மூலதனம். அறக்கட்டளைப் பெயரில் பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவு, தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பண் தளத்தில் ஓர் எண், ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு, கம்பெனிப் பணத்துக்குப் போகும்போது சி.எஸ்.ஆர்.-1 படிவம். 12ஏ இல்லையென்றால் உங்களுக்கு வரும் நன்கொடையே வரிக்குரிய வருமானமாகிவிடும். 80ஜி இல்லையென்றால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் ஊரில் எல்லாரும் பழைய பெயரில்தான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் பட்ட ஓர் அனுபவம். ஒரு வாசகசாலைக்காக மானியம் எழுதிக் கொடுத்து, அனுமதியும் வந்துவிட்டது. பணம் வரவில்லை. நாலு மாதம் அலைந்தபின் தெரிந்தது: பத்திரத்தில் அமைப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘எச்’ கூடுதலாக இருந்தது, பான் கார்டில் இல்லை, வங்கிக் கணக்கில் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லையே விட்டிருந்தார்கள். கணினிக்கு அது மூன்று தனித்தனி அமைப்பு. பானைத் திருத்தி, வங்கியைத் திருத்தி முடிப்பதற்குள் மார்ச் 31 போய்விட்டது. மார்ச் போனால் அந்த ஆண்டு ஒதுக்கீடும் போச்சு. அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்தான். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் எழுத்துக்கூட்டிப் பார்த்திருந்தால் போதும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரம் எழுதும்போது பாசத்தில் “எங்கள் வகையறாப் பிள்ளைகளின் நலனுக்காக”, “எங்கள் சமூகத்து மாணவர்களுக்காக” என்று எழுதிவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதப் பிரிவுக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு 80ஜி கிடைக்காது. நடைமுறையில் நீங்கள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டாலும் பத்திரத்தில் எழுதியதுதான் பேசும். அறக்கட்டளை கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகும் என்ற வரியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்தப் பத்திரம் போட வழி உண்டா என்று கேளுங்கள்.

இப்போது அந்த 13,000. இதற்கு எந்த மானியத்தையும் நம்பாதீர்கள். மானியம் என்பது ஒரு திட்டத்துக்கு, ஒரு காலத்துக்கு. முதல் தவணை வரும், இரண்டாம் தவணை எப்போது வரும் என்று தெரியாது. வாத்தியார் வீட்டில் அடுப்பு மாதா மாதம் எரிய வேண்டும். இந்தப் பணம் உள்ளூரிலிருந்துதான் வர வேண்டும், வரவும் செய்யும். வியாபாரத்தில் இவ்வளவு என்று மகமை ஒதுக்கிக் கோயிலும் விடுதியும் பள்ளியும் நடத்திய சீமை இது. கோயிலில் “இன்ன நாள் அபிஷேகம் இன்னார் கட்டளை” என்று இருக்கிறதில்லையா? அதையே வகுப்புக்குச் செய்யுங்கள். ஆண்டுக்கு 1,56,000 ரூபாய் செலவு. 52 வாரத்தில் வகுத்தால் வாரத்துக்கு 3,000. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் கட்டளை. அப்பச்சி நினைவு நாள், பேத்தி பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் இருக்கும். அந்த வாரம் வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு கரும்பலகையில் அவர் பெயரை எழுதுங்கள், பிள்ளைகள் ஆடுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

ஒரு வாசகசாலைக்கு இப்படிக் கேட்டபோது ஓர் ஆச்சி 3,000 ரூபாயை மஞ்சள் தடவிய கவரில் வைத்துக் கொடுத்தார்கள். நான் விவரம் தெரிந்தவன் மாதிரி, “ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கினால் உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது ஆச்சி, செக்காகக் கொடுங்கள்” என்றேன். “சலுகைக்காகவா கொடுக்கிறேன்? வாரத்தை மாற்றிவிடாதே, அது சரியாக இருக்கட்டும்” என்றார்கள். அதற்காக 80ஜி வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி-யால் பயன் கிடையாது, சம்பளக்காரர்கள் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். எனவே சலுகையைக் காட்டிக் கேட்பதை விட வாரத்தைக் காட்டிக் கேட்பது பலிக்கிறது. 80ஜி ரசீது கொடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். சின்ன அமைப்புகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

தேதி மாறாமல் இருப்பதன் பலத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாவுக்கு யாரும் நாள் கேட்க வேண்டியதில்லை. பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டையில். வெளியூரில் இருப்பவர்கள் அதை வைத்தே ஊருக்கு டிக்கெட் போடுவார்கள். உங்கள் பிள்ளைகளின் ஆண்டு அரங்கேற்றத்தையும் ஊர்த் திருவிழாவை ஒட்டி ஒரு நாளில் நிலையாக வையுங்கள். கொடுக்கக் கூடியவர்கள் மொத்தமாக ஊரில் இருக்கும் நாள் ஆண்டில் அவ்வளவுதான்.

அடுத்தது, 3 ஆண்டு கேட்காத பணம். இதில் பெரும்பாலானவை அமைப்புக்கு அல்ல, ஆளுக்குக் கிடைப்பவை. அதனால்தான் அறக்கட்டளைக்காரர்கள் கண்ணில் படுவதில்லை. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993-ல் தொடங்கி 1995 முதல் நிதி கொடுத்துவரும் அமைப்பு. கலை ஆய்வு, கலைச் செயல்பாடு போன்ற பிரிவுகளில் தனி ஆட்களுக்கே கொடுக்கிறார்கள், தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். உங்கள் குழுவில் ஒருவர் இந்தப் பக்கத்து ஒயிலாட்டப் பாட்டுகளைத் தேடிப் பதிவுசெய்யும் வேலையை எழுதிக் கேட்கலாம். மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மாதம் 5,000 ரூபாய், 2 ஆண்டு. அதே அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரை, மாதம் 10,000. 40-க்கு மேல் சீனியர், மாதம் 20,000. இவையும் 2 ஆண்டு. உங்களிடம் மூத்த மாணவர் ஒருவர் உதவித்தொகை பெற்றால் அறக்கட்டளைக் கணக்கில் ஒரு ரூபாய் ஏறாது, ஆனால் அவர் சென்னைக்கு வேலை தேடிப் போகாமல் 2 ஆண்டு உங்களோடு இருப்பார். அதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வாத்தியாருக்குத் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. மாநிலக் கலை பண்பாட்டுத் துறை, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இரண்டும் கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் பல வகை உதவி தருகின்றன. கருவியும் உடையும் வாங்க, புதிதாக மேடையேற்ற, நலிந்த கலைஞருக்கு மாத உதவி என்று. அறிவிப்பு நாளிதழில் ஓர் ஓரத்தில் வரும், இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். பார்க்கத் தவறினால் அடுத்த ஆண்டுதான். மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கும் பெயர் அனுப்புங்கள். தொகை பெரிதில்லை, ஆனால் பின்னால் எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தச் சான்றிதழ் உட்காரும். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தில் உங்கள் குழுவின் விவரத்தைக் கொடுத்துவையுங்கள். அங்கிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால் அதுவும் அனுபவக் கணக்கில் சேரும்.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற பெரிய தலைப்புக்குக் கீழ் இருப்பவற்றைப் பாருங்கள். நிகழ்ச்சி, கருத்தரங்கு, தயாரிப்பு மானியத்தின் வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம். குரு சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000, சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. இந்தத் தொகைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். நான் பார்த்தவரை விதிமுறை உள்ளபடிதான் இருக்கிறது, காலம்தான் விதிமுறைப்படி நடக்காது. கடைசித் தவணை நிகழ்ச்சி முடிந்து ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. பந்தல்காரரும் மைக் செட்காரரும் அதுவரை பொறுக்க மாட்டார்கள். கையில் கால்பங்குப் பணம் இல்லாமல் அரசு மானியத்தில் இறங்காதீர்கள்.

கொட்டானைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒயிலாட்டத்தோடு ஒரே விண்ணப்பத்தில் கட்டாதீர்கள். ஆட்டம் பண்பாட்டு அமைச்சகத்தின் பை. கைவினை ஜவுளி அமைச்சகத்தின் பை. அங்கே கைவினை ஆணையர் அலுவலகம் தரும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டையில்தான் எல்லாம் தொடங்குகிறது. முடைகிற பெண்கள் ஒவ்வொருவருக்கும் அந்த அட்டை வாங்கிவிடுங்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதும் கைகொடுக்கும். மற்றபடி, நன்றாக முடைந்தால் கொட்டான் விற்கும். கல்யாண வீட்டுக்கு 300 கொட்டான் ஆர்டர் பிடிப்பது ஒரு மானியம் வாங்குவதை விடச் சுலபம்.

சி.எஸ்.ஆர். விஷயத்துக்கு வருகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தப் பணிக்கு என்பதை ஏழாவது அட்டவணை சொல்கிறது. அதில் பாரம்பரியக் கலை, கைவினை, பொது நூலகம், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைத்தல் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அதாவது உங்கள் வேலை சட்டப்படி பொருந்துகிறது. ஆனால் ஆண்டுவிழாவுக்கு ஸ்பான்சர் கேட்டுப் போனால் அது சி.எஸ்.ஆர். ஆகாது. ஒரு நாள் நிகழ்ச்சிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஓராண்டுப் பயிற்சி, இத்தனை பிள்ளைகள், இத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். ஆண்டுவிழாவுக்குக் காரைக்குடிக் கடைத்தெரு போதும்.

எந்தக் கம்பெனியிடம் போவது என்பதற்குத் தரகர் தேவையில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். பக்கம் கட்டாயம் இருக்கும். எந்த மாவட்டத்தில், எதற்கு, யார் மூலம், எவ்வளவு செலவழித்தார்கள் என்ற அட்டவணை. மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்திலும் தேடிப் பார்க்கலாம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களில் ஏற்கெனவே செலவழித்தவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், நம் பக்கத்தில் ஆலை இல்லாத கம்பெனி தயங்கும். ஆனால் பூர்வீகம் என்று ஒன்று இருக்கிறது. முருகப்பா குழுமத்தின் குடும்பம் பள்ளத்தூர்க்காரர்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தது. இப்படி இந்த மண்ணோடு தொடர்புள்ள வணிகக் குடும்பங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. கடிதத்தின் முதல் வரியில் ஊர்ப் பெயர் இருந்தால் இரண்டாம் வரியைப் படிப்பார்கள். அதற்கு மேல் உங்கள் கணக்குதான் பேச வேண்டும்.

10 சதவீதம் கேட்டவரை விட்டுவிடுங்கள். விண்ணப்பம் எழுதித் தர இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேசி, ரசீதோடு வாங்கினால் தப்பில்லை. வருகிற தொகையில் பங்கு என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? திட்டப் பணத்திலிருந்து எடுத்தால் பொய்க் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும். இன்னும் சிலர், “20 லட்சம் வரும், 12 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்” என்பார்கள். அது கறுப்பை வெள்ளையாக்க உங்கள் 80ஜி-யைப் பயன்படுத்துவது. மாட்டினால் போவது அவர் பெயர் இல்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரின் பெயர்.

சிங்கப்பூர் உறவினர் விஷயம்தான் நம் ஊரில் அதிகம் பேர் தெரியாமல் வழுக்கும் இடம். இதில் சந்தேகமே இல்லை, எனவே அழுத்திச் சொல்கிறேன். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதோடு முடியவில்லை, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்க்க வேண்டும். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, வேலைக்காக மட்டும் அங்கே இருக்கிறார் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், நம் ஊரில் பிறந்தவரானாலும், தமிழில் பேசினாலும், ஊருக்கு வந்து இந்திய ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் நீலமா சிவப்பா என்று கேட்டு, ஒரு நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு 500 டாலரைக் கையில் திணித்துவிட்டுப் போகிறவரிடம் பாஸ்போர்ட் கேட்பது சங்கடம்தான். “அண்ணே, வாங்கினால் எங்களைப் பிடித்துக்கொள்வார்கள்” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேறு அமைப்பு ஒன்று எஃப்.சி.ஆர்.ஏ. வைத்திருக்கிறது, அவர்கள் வாங்கி நமக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பழைய வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. ஒருவர் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அந்த உறவினருக்கு இருக்கும் நேர்வழி, இந்தியக் குடிமக்களாக இங்கே இருக்கும் தன் அண்ணன் தம்பிகளைத் தங்கள் சொந்தப் பணத்தில் கட்டளை ஏற்கச் சொல்வது. அவர் பணத்தை அவர்கள் பெயரில் சுற்றிக் கொண்டுவருவது அல்ல. கானாடுகாத்தான் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் வரும் விடுதிகளில் பிள்ளைகளை ஆடவைத்தால், நிகழ்ச்சிக்குக் கட்டணமாக ரசீது போட்டு வாங்குவது வேறு, நன்கொடை உண்டியலை நீட்டுவது வேறு. முன்னது செய்யலாம். அதுவும் அறக்கட்டளையின் வரவில் எவ்வளவு பங்கு வரை போகலாம் என்பதற்கு வருமான வரியில் வரம்பு இருக்கிறது, தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வீடு. இங்கே என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்ந்ததால் வீட்டைச் சீரமைக்க அங்கிருந்து பணம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. அது இந்திய அரசு பிற்பாடு முன்மொழியலாம் என்று வைத்திருக்கும் பட்டியல், அதோடு பணம் எதுவும் கிடையாது. கட்டடத்துக்குப் பணம் தரும் எவரும் முதலில் கேட்பது உரிமை ஆவணம் அல்லது பதிவுசெய்த நீண்ட காலக் குத்தகை. உங்கள் வீட்டுக்கு எத்தனை பங்காளிகள்? பினாங்கில் ஒருவர், கோயம்புத்தூரில் நாலு பேர், இறந்துபோனவர்களின் வாரிசுகள் என்று ஒரே வீட்டுக்கு முப்பது கையெழுத்துத் தேவைப்படுவது இங்கே சாதாரணம். “எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்” என்பதை எந்த நிதி அமைப்பும் ஏற்காது. வாய்வார்த்தையை நம்பி அந்த வீட்டில் பொதுப் பணத்தைக் கொட்டிச் சுண்ணாம்பு பூசி ஓடு மாற்றியபின் ஒரு பங்காளி வந்து பூட்டுப் போட்டால், கணக்குக் கேட்பவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முகப்பை மட்டும் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, அதில் இரண்டு அலமாரி புத்தகத்தோடு வாசகசாலையைத் தொடங்குங்கள். நூலகம் நிலைத்துவிட்டால் பின்னால் கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் திட்டங்களைப் பார்க்கலாம். வீடு அப்புறம்.

அந்த வீட்டுக்குள் இருக்கும் காகிதத்தை மட்டும் உடனே கவனியுங்கள். பழைய கணக்கு ஏடு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பர்மாவிலிருந்து வந்த கடிதம் எல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களை, அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அந்தத் தொகுப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை மின்னுருவாக்க பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் ஒரு நிதித் திட்டமே நடத்துகிறது. அது வெளிநாட்டுப் பணம் என்பதால் நீங்கள் நேராக வாங்க முடியாது, ஆனால் தகுதியுள்ள நூலகம் ஒன்று விண்ணப்பித்து, வேலை உங்கள் ஊரில் நடக்கலாம்.

விண்ணப்பம் எழுதும் விதம் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய மாதிரியில் “நலிந்துவரும் நம் பாரம்பரியக் கலைகளை மீட்டெடுத்து வருங்காலத் தலைமுறைக்குக் கொண்டுசெல்வதே எங்கள் லட்சியம்” என்று தொடங்குகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்று படிக்கும் எல்லா விண்ணப்பங்களும் அப்படித்தான் தொடங்கும். உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். வாத்தியாருக்கு வயது என்ன, அவர் யாரிடம் கற்றார், அவருக்கு எத்தனை பாட்டு தெரியும், அதில் எத்தனை இதுவரை எழுதிவைக்கப்படவில்லை, 40 பிள்ளைகளில் பெண்பிள்ளைகள் எத்தனை, போன தை மாதம் எத்தனை பேர் வந்தார்கள், பரீட்சை மாதத்தில் எத்தனை பேர் வராமல் நின்றுவிட்டார்கள். நின்றதையும் எழுதுங்கள், அதை மறைக்காத ஆளை நம்புவார்கள். இதற்கெல்லாம் வருகைப் பதிவேடு வேண்டும். பட்ஜெட்டில் “இதர செலவு 50,000” என்று ஒரு வரி கண்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். தோல் மாற்ற இவ்வளவு, சலங்கை இத்தனை ஜோடி, ஒரு ஜோடி இவ்வளவு என்று பிரித்து எழுதினால் அதே 50,000 கேள்வியில்லாமல் போகும். பணம் வந்தபின் பயன்பாட்டுச் சான்றிதழை, எல்லாரும் யு.சி. என்பார்களே அதை, கேட்பதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். முதல் மானியத்தின் யு.சி. நிலுவையில் இருந்தால் இரண்டாவது மானியம் கிடையாது.

உங்கள் பத்திரத்தின் நோக்கப் பத்தியைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து இங்கே போட்டால், 80ஜி-க்கு இடிக்கும் வரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.